சேலைக் கிழிசலும் தோல்வாரும்

இந்த ஊரில் நாயையும் பிள்ளையையும் வாரில் பூட்டித்தான் தெருவில் நடத்துகிறார்கள். பால் வாங்க வரும் வெள்ளைக்காரப் பெண் ஒரு கையில் நாயின் வாரும் மறு கையில் பிள்ளையின் வாருமாக என் கடை வாசலில் நிற்பாள். நாய்க்குக் கழுத்தில் பட்டை, பிள்ளைக்கு நெஞ்சில் பட்டை, வித்தியாசம் அவ்வளவுதான். எனக்கு அது பழகிவிட்டது. நான் என் பிள்ளையைக் கட்டியதுதான் அவர்களுக்குப் பழகவில்லை. போடியிலிருந்து பிள்ளைகுட்டியோடு இங்கே வரப்போகிறவர்கள் கவனமாகப் படியுங்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று நினைக்க வேண்டாம். போடியில் ஏலக்காய் மூட்டை சுமந்த இதே தோள்தான் இன்று இங்கிலாந்தில் சொந்தமாக ஒரு மளிகைக் கடையையும் அதன் மாடியில் ஒரு வீட்டையும் தாங்குகிறது. பட்டம் வாங்கியவர்களே இங்கே என்னிடம்தான் யோசனை கேட்டு வருகிறார்கள்.

கடையில் நானும் என் மனைவி பேச்சியம்மாளும்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகன் பாண்டிக்கு அப்போது இரண்டு வயது. கடைக் கதவைத் திறந்தால் பஸ் ஓடும் சாலை. பின்னால் செங்குத்தான மாடிப்படி. அதனால் பழைய நூல்சேலையைக் கிழித்து, ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறுமுனையைக் கல்லாமேஜைக் காலிலும் கட்டியிருந்தோம். பிஸ்கட் டப்பாக்களை உருட்டிக்கொண்டு ராஜாவாக இருந்தான்.

இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டச் சரிவுகளில் காய் எடுத்தவர்களின் பிள்ளைகள் எல்லாருமே இப்படி மரத்தடியில் கட்டுண்டு வளர்ந்தவர்கள்தான். நானும் அப்படித்தான். உருண்டால் பள்ளத்தில்தான் பொறுக்க வேண்டும். கட்டாமல் விட்டவளைத்தான் கங்காணி, “ஒனக்குப் பிள்ளைமேல அக்கறை இருக்கா, இல்லையா?” என்று ஏசுவான்.

ஒருநாள் வெங்காயம் வாங்க வந்த கிழவி பாண்டியின் கன்னத்தைத் தடவி, மிட்டாய் கொடுத்து, நேராகப் போய்ப் பிள்ளைகள் நல அலுவலகத்தில் சொல்லிவிட்டாள். மறுநாளே கோப்போடு ஒருத்தி வந்தாள். மார்கரெட் என்று பெயர். இவர்கள் நம் ஊர் அதிகாரிபோலக் கத்தமாட்டார்கள், சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். குளிர்ப்பெட்டியைத் திறப்பார்கள், பிள்ளை படுக்கும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் நம் ஊர் வழக்கப்படி முதல்தரப் பச்சை ஏலக்காயில் அரைக்கிலோ பொட்டலம் கட்டி நீட்டினேன். ஒற்றை விரலால் தள்ளிவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள். நம் ஊரில் பொட்டலம் கொடுத்தால் எழுதுகிற கை நிற்கும். இங்கே இன்னும் நாலு வரி நீளும்.

எவ்வளவு நேரம் கட்டி வைப்பீர்கள் என்று கேட்டாள். விட்டுக்கொடுக்க மனமில்லாமல், “ஃபுல் டே மேடம்! குட் முடிச்சு. நெவர் ஓப்பன்!” என்றேன்.

அவள் போனதும் பேச்சி கேட்டாள்: “என்னத்தச் சொன்னீக? அந்தம்மா மூஞ்சி செத்துப்போச்சே.”

“நம்ம முடிச்சப் பத்திச் சொன்னேன்.”

“வெளங்கிரும். ஒங்க பெருமைக்கு எம்பிள்ளையத் தூக்கிட்டுப் போகப்போறாக.”

பேச்சி சொன்னது பலிக்கும்போல் இருந்தது. டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அவர் பாண்டியின் சட்டையைக் கழற்றினால், இடுப்பில் கறுப்புக் கயிறு, அதன் அடியில் கயிறு பட்ட கருந்தடம். அரைஞாண் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? “பிறந்ததிலிருந்தே கட்டியிருக்கிறோம்” என்று எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். அந்த வாரமே கடிதம் வந்தது: பிள்ளை எங்களோடு இருப்பதா, வேறு வீட்டில் வளர்வதா என்று கூட்டம் போட்டு முடிவு செய்வார்களாம். பேச்சி சோற்றில் கைவைக்கவில்லை. பாண்டியை இடுப்பைவிட்டு இறக்கவும் இல்லை.

கூட்டத்தில் டாக்டர், போலீஸ்காரர், மார்கரெட் என்று மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். மொழிபெயர்க்க மெட்ராஸ்காரர் ஒருவர், கோட்டும் டையுமாக. மலைச்சரிவு, காய் எடுப்பு, கங்காணி என்று நான் கால்மணி நேரம் பேசியதை அவர் ஒரே வரியில் முடித்தார்.

“என்ன சார் சொன்னீக?”

“கிராமத்து ஆள், படிப்பில்லைன்னு சொன்னேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து, கோட்டுக்காரரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, சட்டையைத் தூக்கி என் அரைஞாணை எட்டுப் பேருக்கும் காட்டினேன். “சேம் ரோப்! ஐம்பது இயர்ஸ்! ஸ்மால் பாய், ட்ரீயில் கட்டு! நோ பெயின்!” போலீஸ்காரர் இருமுவதுபோலச் சிரித்தார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, குனிந்து, என் இடுப்பின் கருந்தடத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். என் தொப்பைக்கு அவ்வளவு மரியாதை அன்றுதான் கிடைத்தது.

மார்கரெட் மட்டும் சிரிக்கவில்லை. “மரத்தில் கட்டியிருந்தபோது நீங்கள் அழுதீர்களா?” என்று கேட்டாள்.

“நோ” என்றேன். பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அழுதேன். தொண்டை கட்டும்வரை அழுதேன். சற்றுக் கீழே செடிகளுக்குள் நின்ற என் அம்மாவுக்கு அது கேட்டது. கூடை நிறையாமல் கங்காணி மேலே ஏற விடமாட்டான். பொழுது சாய்ந்து முடிச்சை அவிழ்க்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். இதை அந்த அறையில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செத்துப்போனவளையும் கோப்பில் ஏற்றியிருப்பார்கள்.

பிள்ளை எங்களோடே இருக்கலாம் என்று தீர்ப்பானது. ஆனால் அவன் பெயர், கண்காணிக்க வேண்டிய பிள்ளைகளின் பட்டியலில் இருக்கும். மார்கரெட் வாராவாரம் வருவாள். மாடிப்படிக்குக் கதவு போட வேண்டும். சேலையால் கட்டக் கூடாது. வெளியே போகும்போது பிள்ளைக்கு மாட்ட, கடையில் விற்கும் தோல்வார் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டுமாம்! சேலை என்றால் கொடுமை, தோல் என்றால் பாதுகாப்பு. கேட்டுவிட்டேன், இரண்டும் கட்டுத்தானே என்று. மார்கரெட் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த வாரின் நுனியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். மேஜைக் காலில் இல்லை, ஆள் கையில் இருக்க வேண்டுமாம். சுருக்கென்றது. எங்கள் சரிவில் யாருக்கு ஒரு கை ஒழிந்திருந்தது, மேடம்?

பட்டியலிலிருந்து பெயரை எடுத்த பிறகு ஊருக்குப் போனோம். அக்கா வேலை பார்க்கும் தோட்டத்துக்கு அவளோடு போகும் வழியில், போடிமெட்டில் காப்பி குடிக்க இறங்கினோம். பாண்டி நெஞ்சில் ஆட்டுக்குட்டிப் படம் போட்ட தோல்வார். நுனி என் கையில். தோட்டத்து ஆட்களை ஏற்றி வந்த ஜீப் நின்றது. உள்ளேயிருந்து ஒருத்தி, “என்னண்ணே, சீமையில பிள்ளைகள நாய் மாதிரி கட்டித்தான் மேய்ப்பாகளா?” என்றாள். ஜீப்பே குலுங்கியது.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. “மானம் போகுது அப்பு. அந்தக் கருமத்தக் கழட்டி எறி. இந்தா துண்டு, பிள்ளைய அந்த மரத்துல கட்டிப்போட்டு வெரசா வந்து காப்பியக் குடி.”

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன், வாரை விடவில்லை. ஒரு பக்கம் போடிக்கு இறங்கும் சாலை, மறுபக்கம் என்னைக் கட்டிப்போட்ட ஏலச்சரிவு. பாண்டி சரிவைப் பார்த்து இழுத்தான். அக்கா நீட்டிய டம்ளரை வாங்க எனக்குக் கை ஒழியவில்லை. இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக்கொண்டு மெட்டில் நின்றேன்.