அந்தப் படத்தில் பருவை அழித்தது நான்தான்

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற மரண அறிவித்தல் உண்மைதான். யாழினி போய்விட்டாள்... என் மனைவி. போன புதன்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், கார் விபத்து. முப்பத்திரண்டு வயது.

செய்தி சரி. அதில் இருக்கிற முகம் சரியில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து அவளின் அண்ணா கோல் எடுத்தார். "ஒரு படம் அனுப்பும், அறிவித்தல் அடிக்கோணும்." போனில் முதலில் வந்த படத்தைத் திறந்தேன். தாடையில் இருந்த பருக்களை விரலால் ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்தேன். சேவ். சென்ட்.

யோசித்துச் செய்யவில்லை. நாலு வருசப் பழக்கம். ஊருக்கு எந்தப் படம் போனாலும் அவள் சொல்லுவாள், "இஞ்சேருங்கோ, அம்மாக்கு அனுப்ப முதல் பருவை எடுத்துவிடுங்கோ. பாத்தா அழுவா."

இன்று காலை இறுதிக் கிரியை செய்கிறவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கப் பெரிய படம் ஒன்று கேட்டார்கள். போனைத் திறந்தேன். எல்லாம் நான் பருவை அழித்த படங்கள். பளிங்கு மாதிரி முகங்கள்.

எல்லாவற்றையும் ஒரிஜினலுக்கு மேலேயே சேவ் பண்ணியிருக்கிறேன். ஊரைவிட்டு வந்து இங்கே மல்கிரேவில் சொப்ட்வெயார் டெஸ்டிங் செய்கிறவன்... பேக்கப் இல்லை.

அப்போதுதான் பயம் பிடித்தது. பெரிய பரு ஒன்று வந்து தழும்பாகிப்போன இடம்... அது இடது தாடையா, வலது தாடையா? எனக்குத் தெரியவில்லை.

கட்டிலில் இருந்து யோசித்தேன். ஒரு கிழமையிலேயே இப்படியென்றால்...

இருபத்தெட்டு வயதில் தொடங்கியது. மாதா மாதம், பீரியட்ஸுக்கு ஒரு கிழமை முந்தி, நாடியிலும் தாடையிலும். தொட்டால் நோகும். பூசாத கிரீம் இல்லை.

கோயிலில் ஒரு அன்ரி அவளின் நாடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் போயிடும் பிள்ளை" என்றார். "ஏனன்ரி, பிள்ளை என்ன ஸ்கின் டொக்டரே?" என்றாள் யாழினி. எல்லோரும் சிரித்தோம். காரில் ஏறியதும் சீற்றுக்கு மேலிருந்த கண்ணாடியை இறக்கி முகத்தைப் பார்த்தாள்... வீடு வரைக்கும் அதை மேலே தள்ளவில்லை.

அடுத்த நாள் அவளாகவே ஜி.பி.யிடம், எங்கள் குடும்ப டொக்டரிடம், போனாள். இரத்தப் பரிசோதனை. ஹோர்மோனால் வருகிற பருதான் என்றார். ஸ்கின் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க ஐந்து மாதம் காத்திருந்தோம்.

அவர் தந்த குளிசையையும் தண்ணீரையும் கையில் வைத்துக்கொண்டு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். "இது பிரஷருக்கும் குடுக்கிறதாம். எனக்குத்தான் பிரஷரே இல்லையே... போடுற வரைக்கும் பிள்ளையும் உண்டாகப்படாதாம். ஏதும் நடந்தா?"

"ஒண்டும் நடக்காது." எல்லாவற்றுக்கும் நான் சொல்லுகிற பதில் அதுதான்.

"அப்ப பக்கத்தில இருங்கோ." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அரை மணித்தியாலம் கழித்துத்தான் விழுங்கினாள்.

மாதம் ஒருக்கால் மேக்கப் இல்லாமல், ஒரே வெளிச்சத்தில், மூன்று பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் டொக்டர். நான் பாத்ரூம் யன்னலுக்கு முன்னால் நிலத்தில் டேப் ஒட்டினேன், அவள் நிற்க ஒன்று, நான் நிற்க ஒன்று.

"பாஸ்போர்ட் ஒபிஸிலகூட இந்தக் கரைச்சல் இல்லையப்பா!"

"சிரிக்காதேயும், தாடை அசையுது."

"அசையாம இருக்க நானென்ன சுவரே?" இன்னும் சிரித்தாள். ஆனால் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "இதில மட்டும் கை வைக்கப்படாது. டொக்டர் உள்ளதைப் பாக்கோணும்."

அந்த ஃபோல்டர் லேப்டொப்பில் இருந்தது. ஏழு மாதம். திறக்கப் பயமாக இருந்தது... அதிலும் இல்லாவிட்டால்?

தழும்பு இருந்தது. வலது தாடை. காதுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி.

ஆறாம் மாதப் படம் ஒன்று. பருக்கள் குறைந்திருந்தன, நாலைந்துதான். சிரித்து அசைந்துவிட்டாள் என்று டொக்டருக்கு அனுப்பாமல் விட்டது. டிலீட் பண்ண மறந்திருந்தேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் இதை வைக்கலாமா என்று முதலில் அவளின் அம்மாவுக்கு அனுப்பினேன். வீடியோ கோலில் மாமி படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி... இவ்வளவும் இருந்ததே அவளுக்கு?"

"ஓம் மாமி. முந்தி இதைவிடக் கூட."

"நோகுமே?"

"நோகும் மாமி."

"எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருக்கால் பார்த்தார். "இதையே வையுங்கோ."

கீழே இருப்பது அந்தப் படம். சனிக்கிழமை பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கப்போவதும் இதுதான். பகிர்கிறவர்கள் இதைப் பகிருங்கள். பிரைட் ஆக்க வேண்டாம். தயவுசெய்து ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

யாழி... இதில கை வைக்கேல்ல.

பக்கத்திலதான் இருக்கிறன். போயிட்டு வாரும்.