‘ஜி’ என்றால் மறுபடியும்

“ஒத்த ஒத்த எழுத்தா கத்திக்கினு கெடந்தா கடை எப்படிம்மா வளரும்?” என்று ஓட்டல்காரர் என்னிடம் கேட்டபோது எனக்குப் பத்து வயது. அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த எழுத்துகளைக் கடைக்குள் கொண்டுவந்தவளும் நான்தான்.

கடை, திண்டிவனத்தில் இருந்த என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. விடுமுறை விட்டால் விழுப்புரத்திலிருந்து என்னை பஸ் ஏற்றி அங்கே அனுப்பிவிடுவார்கள். வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை என்றாலும் சாயம் போட்ட தீனியும் நீல மருந்தும் அங்கே கிடையாது. நாய்க்குக் கேப்பை மாவும் முருங்கைக்கீரையும் சேர்த்து அத்தை சுட்ட பிஸ்கட், குருவிக்குத் தினை, உண்ணிக்கு வேப்பெண்ணெய். எல்லாமே இயற்கை என்று மாமா பெருமையாகச் சொல்வார். வாங்கத்தான் அதிகம் பேர் வரவில்லை.

பில் போடுவதற்கென்று பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். பில் போடும் அளவுக்கு வியாபாரம் இல்லாததால் அது என் கைக்கு வந்தது. அதில் படமே இல்லாத ஒரு விளையாட்டு இருந்தது. கறுப்புத் திரையில், நீ ஒரு குகைக்குள் நிற்கிறாய் என்று இங்கிலீஷில் எழுத்துகள் வரும். அடுத்து என்ன செய்வது என்பதை நாம் தட்டச்சு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் சுருக்கு வழி உண்டு என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துக் கண்டுபிடித்தேன். ‘எல்’ என்றால் சுற்றிப் பார்ப்பது. ‘ஐ’ என்றால் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. ‘இசட்’ என்றால் காத்திருப்பது. ‘ஜி’ என்றால் கடைசியாகச் செய்ததை மறுபடியும் செய்வது.

இதையெல்லாம் மாமாவுக்கும் அத்தைக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒரே வாரத்தில் கடை முழுக்க எழுத்துகளாகிவிட்டது. மாமா வாசலிலிருந்து “ஐ!” என்று கத்தினால் அத்தை பின்கட்டிலிருந்து தினை எவ்வளவு மிச்சம் என்று சொல்வாள். அத்தைதான் எங்களில் அதிக வேகம். பள்ளிக்கூடத்து வாசலையே பார்க்காதவள், பால்காரரைப் பார்த்து “இசட், இசட்! சொம்பு எடுத்துக்கினு வர்றேன்” என்பாள். அவர் ஒன்றும் புரியாமல் நிற்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஓட்டல்காரர் வந்தார். விக்கிரவாண்டி நெடுஞ்சாலையில் அவருக்கு ஓட்டல். அங்கே கண்ணாடித் தொட்டியில் இருந்த தங்கமீன்களுக்கு உடம்பெல்லாம் ரவை ஒட்டியது போல வெள்ளைப் புள்ளி. கல்லுப்பு போட்டே குணமாக்கிக் காட்டுகிறேன் என்று மாமா மீன்களை வாங்கிக் கடைத் தொட்டியில் விட்டார். “பொழைக்க வெச்சி குடுத்தா தொட்டிய மாசாமாசம் நீயே பாத்துக்க. ரோட்டு மேல இருக்கற மத்த ஓட்டலுக்கும் சொல்றேன்” என்றார் அவர். அந்தப் பேச்சை நம்பிப் பக்கத்து அறையையும் கடைக்குக் கேட்டு வைத்துவிட்டார் மாமா.

அவர் மீனைப் பார்க்க வருவதாகச் சொன்ன நாள் வந்தது. காலையில் அத்தை உப்பைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து மாமா நாலு குவளை தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் சேர்த்தார். பிறகு வாசலில் ஒரு நாயின் காதில் உண்ணி எடுக்க உட்கார்ந்தவர், கையை எடுக்க முடியாமல் உள்ளே பார்த்துக் கத்தினார்.

“ஜி!”

தண்ணீரை இன்னொரு தடவை மாற்று என்று அர்த்தம். கடைசியாக அவர் செய்தது அதுதான். அத்தை கடைசியாகச் செய்தது உப்புக் கரைத்தது. அவள் மறுபடியும் உப்பைக் கரைத்து ஊற்றினாள். விளையாட்டில் ஆடுகிறவர் ஒருவர்தான், அதனால் கடைசி வேலையும் ஒன்றுதான். கடையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

மாமா உள்ளே வந்தபோது மீன்கள் தரையோடு தரையாகக் கிடந்தன. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

“இன்னாமே ஊத்தின?”

“நீதான ஜி சொன்ன? உப்புதான்.”

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். மொத்தத் தண்ணீரையும் மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும். குவளை குவளையாகத்தான் மாற்ற வேண்டும், நடுவில் பொறுக்க வேண்டும். இருவரும் மொண்டார்கள், ஊற்றினார்கள், நின்றார்கள். தொட்டியைப் பார்க்கப் பயந்து நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ‘இசட்’டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும், நேரம் கழிகிறது என்று திரை சொன்னது. குகைக்குள் யாரும் சாகவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஓட்டல்காரர்தானா என்று எட்டிப் பார்த்தேன்.

ஓட்டல்காரர் வந்தபோது வெள்ளை மீன் ஒன்று செத்து மேலே மிதந்தது. தூங்குகிறது என்று மாமா சொல்லிவிட மாட்டாரா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

“உப்பு ரெண்டு வாட்டி போயிடுச்சிண்ணே. தப்பு என்னுதுதான்” என்றார் மாமா.

“யோவ், மீன உப்புல போட்டா கருவாடுதான்யா வரும். இதுக்கு நான் பஜாருக்கே போயிருப்பேனே!”

மாமா குவளையைக் கீழே வைக்காமல் மொண்டுகொண்டே இருந்தார். ஓட்டல்காரர் கிளம்பவும் இல்லை. ஸ்டூலை இழுத்துத் தொட்டியெதிரே போட்டு உட்கார்ந்தார். விளக்குப் போடும் நேரத்துக்கு ஒரு மீன் வாலை அசைத்தது. பிறகு இன்னொன்று. மிச்சமெல்லாம் மெல்ல மேலே வந்தன. “மறைக்காம சொன்ன பாரு, அதுக்காவ விடறேன்” என்று எழுந்து போனார். தொட்டி வேலை மாமாவுக்கே கிடைத்தது, பக்கத்து அறையும்.

அவர் போனதும் மாமா சொன்னார்: “இனிமே இந்தக் கடைல ஒரு எழுத்து பேசக் கூடாது. வாயத் தொறந்து முழுசா சொல்லணும்.” எனக்கு நிம்மதியாக இருந்தது. பின்கட்டில் அத்தை குவளையைக் கழுவிக்கொண்டே அழுதாள்.

“மிச்ச மீனுதான் பொழச்சிக்கிச்சே அத்த, இன்னும் ஏன் அழுவுற?”

“ஒண்ணுமில்ல பாப்பா. உப்புக் கை கண்ணுல பட்டுடுச்சி.”

நான் நம்பினேன். மீனுக்காகவோ மாமாவின் கோபத்துக்காகவோ அவள் அழவில்லை என்று தெரிய எனக்கு வெகுகாலம் பிடித்தது. எனக்கு அவை விளையாட்டின் சுருக்கு வழிகள், பள்ளியில் இன்னும் எத்தனையோ கிடைக்கும். அவளுக்குப் படிப்பு என்று வாழ்க்கையில் கிடைத்ததே அந்த நாலு எழுத்துதான். அதையும் அன்று சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

விழுப்புரத்தில் இப்போது நான் மாமா கடைக்கு ஒரு கிளை திறக்கிறேன். அத்தையின் பெயரைத்தான் கடைக்கு வைக்கப்போகிறேன் என்றதும், “என் பேரா? ஜனங்க சிரிப்பாங்கடி, பேஜாரு பண்ணாத” என்று போனிலேயே சண்டை போட்டாள். பலகை எழுதுகிறவர் நேற்றே வேலையை முடித்துவிட்டார். அவள் பெயரை இங்கிலீஷ் எழுத்துகளிலும் எழுதச் சொல்லியிருந்தேன். பெயிண்ட் காய்ந்துவிட்டது.