திக்கித் திக்கி வாசித்தவர்

ஆவடியில் என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எந்த அறிவிப்பு வந்தாலும், படிக்கத் தெரியாத அம்மாக்களுக்காக ஒரு பெண் அதை வாசித்துக் குரல்பதிவாகப் போடுவார். அவருக்குக் கடுமையாகத் திக்கும்.

பெற்றோர் கூட்டத்தில்தான் அவரை நேரில் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, கம்பெனி யூனிஃபார்ம்.

"நீங்க குரூப்ல வாசிக்கிறதைக் கேட்டு சிலர் சிரிக்கிறாங்களே, கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"சி... சிரிக்கிறவங்களுக்கும் நாளைக்கு லீவுன்னு தெரிஞ்சிடுதுல்லக்கா."

யாராவது பேசுகிறீர்களா என்று தலைமையாசிரியர் கேட்டதும் அவர் எழுந்தார். முதல் சொல் வர வெகுநேரம் ஆனது. அனைவரும் காத்திருந்தோம்.

"பொ... பொண்ணுங்க பாத்ரூம்ல தாப்பா இல்ல சார். புள்ளைங்க தண்ணியே குடிக்காம ஊட்டுக்கு வருதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. மறுவாரமே தாழ்ப்பாள் போட்டார்கள். அத்தனை பேரையும் காக்கவைத்துக் கேட்ட அந்தத் துணிவை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.