விருந்தாளிக்குக் கொடுத்த வாழைக்கன்று

என் மகள் பல்கலைக்கழகத்தில் வாழை ஆராய்ச்சி செய்கிறாள். வாடல் நோய் தாக்காத கன்றுகளைப் பண்ணைப்புரத்தில் எங்கள் தோட்டத்தில்தான் நட்டிருந்தாள். அவளோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், கொச்சிக்கு விமானம் ஏறப் போகும் வழியில் வீட்டுக்கு வந்தார். மகள் ஊரில் இல்லை. சாப்பிட்டுவிட்டு அந்தக் கன்றுகளையே வெகுநேரம் பார்த்தார். விருந்தாளி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் அனுப்பினால் சாமி பொறுக்காது என்று, ஒரு கன்றைப் பெயர்த்து ஈரச்சாக்கில் சுற்றி, வெற்றிலை பாக்கோடு கொடுத்தேன்.

சாயங்காலம் மகள் வந்து வெறும் குழியைப் பார்த்தாள்.

"ஆத்தா! அனுமதி இல்லாம ஒரு இலைகூட நாட்டை விட்டுப் போகக்கூடாது. என் ஆராய்ச்சியவே நிறுத்திருவாக!"

"நல்ல மனுசன்டி. ரெண்டாவதும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக."

"சோறு தின்னா நல்லவனா?"

அவர் போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து, கேரளாவுக்கு மலையேறும் அடிவாரமான லோயர் கேம்ப் வரை ஓடினோம். "அந்தக் கார் அப்பவே மலையேறிருச்சும்மா" என்றார்கள் செக்போஸ்டில். ரோட்டோரம் உட்கார்ந்து அழுத மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடந்ததைத் தானே பல்கலைக்கழகத்துக்குப் போனில் சொன்னாள்.

விசாரணை இன்னும் முடியவில்லை. அவரிடமிருந்து பதிலும் இல்லை. தினமும் விளக்கேற்றி மகளுக்காக வேண்டிக்கொள்ள நிற்கிறேன். 'சாமி, அந்த மனிதர் நல்லவராக இருக்க வேண்டும்' என்றுதான் வாயில் வருகிறது.