கத்திரிப்பூக் கொடிக்காரன்

கல்யாணமான முதல் வருடத்தில் நானும் என் கணவரும் வாயால் பேசியதைவிடக் கம்ப்யூட்டரில் பேசியதுதான் அதிகம். இன்றைக்குள்ள பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அந்தக் காலத்திலேயே என்ன நாகரிகம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் பிற்பாதி. மைசூரில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இரண்டு அறை வாடகை வீடு. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவர் ஒரு ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன். இரண்டு பேருக்கும் ஷிப்ட். நான் வரும்போது அவர் கிளம்புவார், அவர் வரும்போது நான் கிளம்புவேன். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்ளும்போது "குழம்பு மூடி வெச்சிருக்கேனுங்க" என்பதற்கு மேல் பேச நேரமும் கிடையாது, கூச்சமும் விடாது.

நான் மார்டள்ளிக்காரி, எல்லையோரத்தில் தமிழ் பேசுகிற கிராமம். வாயைத் திறந்தால் 'ஏனுங்க', 'சரிங்க' என்று எங்கள் ஊர்ப் பேச்சுதான் வரும். அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் போய் முடிப்பார். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் பேசிய ஒரே வாக்கியத்தைக்கூட அப்படித்தான் முடித்தார். நல்ல மனுஷன் என்று பார்த்ததும் தெரிந்தது. நல்ல மனுஷன் என்று தெரிந்த பிறகு அவரிடம் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

அவருடைய ஃபாக்டரி ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது, ஓடாத ஒன்றை இவர் கேட்டு வாங்கி வந்தார். நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இஸ்திரி போடுவதற்காக வைத்திருந்த மேஜை அதோடு போயிற்று. கடைசியில் அது ஓடியது. கூட வேலை செய்கிறவர் ஒருவர் ஒரு சி.டி. கொடுத்தார், அதில்தான் அந்த ஆட்டம் இருந்தது.

ஆட்டம் இதுதான். ஒரு பெரிய நாடு, முழுக்க இருட்டு மூடிக் கிடக்கும். நமக்கு ஒரு கோட்டை, குதிரைமேல் ஒரு தலைவன். அவன் போகப் போக இருட்டு விலகி ஆறு, காடு, சுரங்கம், பாழடைந்த கோபுரம் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். தினம் ஒரு கட்டடம் கட்டலாம். வாரம் பிறந்தால் புதிய வீரர்களைச் சேர்க்கலாம். முதலில் ஈட்டிக்காரர்கள், வில்லாளிகள். போகப் போக சிறகு வைத்த குதிரைகள், கடைசியில் நெருப்புக் கக்கும் டிராகன். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் தலைவன் ஒரு புதிய வித்தை கற்றுக்கொள்வான், மந்திரமா, வில்லா, வைத்தியமா என்று நாம்தான் சொல்ல வேண்டும். நான் எப்போதும் வைத்தியத்தைத்தான் சொல்வேன். "அங்கேயுமா டியூட்டி?" என்று சிரிப்பார்.

என் கொடி சிவப்பு, அவருடையது நீலம். மூன்றாவதாகக் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கொடி, அது கம்ப்யூட்டரே ஆடுகிற ஆள். ஒருவர் தன்னுடைய ஒரு நாளை ஆடி முடித்ததும் திரை கறுத்துவிடும், அடுத்த கொடிக்காரரை வந்து உட்காரச் சொல்லும். எங்கள் ஷிப்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. அவர் தன் நாளை ஆடிவிட்டு வேலைக்குப் போவார். நான் டியூட்டி முடிந்து வந்து, முகம் கழுவி, காப்பியோடு என் நாளை ஆடுவேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டில் இருந்தால் ஒருவர் ஆடும்போது மற்றவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அந்த விஷயத்தில் இரண்டு பேருமே யோக்கியர்கள். ஒருவர்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்ததில்லை. கொஞ்சம் அயோக்கியத்தனம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஆட்டத்தின் ருசியை மறுக்கமாட்டேன். என் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறையத் தங்கம் கிடக்கும். அந்த வழியாகத்தான் அவருடைய தலைவன் போயிருப்பான், குதிரைத் தடம்கூட எனக்குக் கணக்குத் தெரியும். ஆனாலும் எடுக்காமல் விட்டிருப்பார். எனக்காக விட்டது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்று கால் வலியோடு வந்தவளுக்கு அதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிடும். மல்லிகைப் பூ வாங்கி வரத் தெரியாத மனுஷன், பெட்டியை விட்டுப் போகத் தெரிந்து வைத்திருந்தார். பதிலுக்கு நானும் அவருடைய சுரங்கத்தைச் சுற்றி வந்த பூதங்களை அடித்து விரட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல இருப்பேன்.

குறையும் இருந்தது. 'இன்னும் ஒரே ஒரு நாள்' என்று சொல்லித் திரையைப் பார்க்கும் நேரத்தில் எத்தனை தடவை பால் பொங்கி அடுப்பு அணைந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு ஆட்டம் முடிய வாரக்கணக்காகும். இன்னொன்றும் எனக்குப் பிடிக்காது. செத்த வீரர்கள் செத்தவர்கள்தான், ஆனால் வாரம் பிறந்தால் அதே முகத்தோடு வேறு ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். வார்டில் காலையில் காலியான கட்டிலில் மத்தியானம் வேறொருவர் வந்து படுப்பதைப் பார்க்கிறவளுக்கு அதில் என்ன சந்தோஷம் இருக்கும். ஆனால் பெரிய குறை இதெல்லாம் இல்லை. கூச்சப்படுகிற இரண்டு பேருக்கு அது பேச ஒரு வழி காட்டிக் கொடுத்தது. அந்த வழி போதும் என்று நாங்கள் வாயைத் திறக்காமலேயே இருந்துவிட்டோம்.

வீட்டு முடிவுகள்கூட மெல்ல மெல்ல ஆட்டத்துக்குப் போயின. கிறிஸ்துமசுக்கு எங்கள் ஊருக்கா, இங்கேயேவா? ஜெயித்தவர் சொல்வதுதான். சுவருக்குப் பச்சையா, மஞ்சளா? ஜெயித்தவர் சொல்வதுதான். தோற்றவருக்கும் வருத்தமில்லை, ஆட்டம் முடிவு பண்ணிவிட்டது, யாரும் யாரையும் மீறவில்லை. நல்ல ஏற்பாடு என்று நாங்களே மெச்சிக்கொண்டோம்.

இப்படி இருக்கும்போதுதான் மஸ்கட் வந்தது. அவருடைய அண்ணன் அங்கே கட்டட வேலையில் இருந்தார். தம்பிக்கு எலக்ட்ரீஷியனாக விசா ஏற்பாடு பண்ணியாயிற்று, மாசம் முடிவதற்குள் சரியா இல்லையா என்று சொல்லவேண்டும் என்று போனில் சொன்னார். அண்ணி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். கோயில் வாசலில் என்னைப் பார்த்து, "தம்பிய முந்தானையில முடிஞ்சு வெச்சுக்காதே, அனுப்பி வை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது, "என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நீ என்ன சொல்றே?"

"நான் என்னங்க சொல்றது, நீங்க சொல்றதுதான்."

"இல்ல, நீ சொல்றதுதான்."

ரசம் ஆறும்வரை இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு அவர் சிரித்துவிட்டு, "விடு, ஆடியே பாத்துடலாம். நீ ஜெயிச்சா நான் போகல. நான் ஜெயிச்சா போறேன். ஆய்த்தா?" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நானும் சரி என்றேன்.

நான் அவர் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வீட்டில் அவருடைய சட்டை கொடியில் தொங்கினாலே எனக்குத் தைரியம். ஆனால் அவர் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்ததைக் கவனித்திருந்தேன். அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு கடையில் சூட்கேஸ் விலை கேட்டதும் தெரியும். ஆசைப்படுகிறார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். நான் ஜெயித்து அவரை நிறுத்தினால், சாகும்வரைக்கும் இவளால்தான் போகவில்லை என்று ஒரு முள் அவர் மனசில் இருக்கும். அதனால் தோற்றுவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

தோற்பது அவ்வளவு சுலபமில்லை. வெளியே தெரியாமல் தோற்க வேண்டும். வாரா வாரம் வீரர்களைச் சேர்த்தேன், ஆனால் ஒருவரையும் கோட்டையில் வைக்கவில்லை. எல்லாரையும் தலைவனோடு அனுப்பி நாட்டின் ஒரு மூலையில், ஆளில்லாத கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். நீலக் கொடி வந்து கோட்டையை எடுத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். நீலக் கொடி வரவேயில்லை. ஒவ்வொரு நாள் டியூட்டி முடிந்து வந்து பார்க்கும்போதும் கோட்டை அப்படியே இருக்கும். இவர் இவ்வளவு மந்தமா என்று கோபம்கூட வந்தது.

வந்தது கத்திரிப்பூக் கொடி. அவனுக்கு மஸ்கட்டும் தெரியாது, பந்தயமும் தெரியாது. ஒரு சாயங்காலம் அவனுடைய தலைவன் என் கோட்டைக்கு ஒரு நாள் தூரத்தில் வந்து நிற்பதைப் பார்த்தேன். ஆள் சேர்க்கத் தங்கம் இருந்தது. சேர்க்கவில்லை. நாளை முடித்துவிட்டு எழுந்து, சோறு வடிக்கப் போனேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். கோட்டை போனால் ஆட்டமும் போயிற்று என்பது விதி, சிவப்புக் கொடி ஆட்டத்தை விட்டுப் போயிற்று என்று திரையில் வந்தது. ஆட்டத்தில் இல்லாதவள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதில்லையே, அதனால் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவருடைய கோட்டை தெரிந்தது. உள்ளே ஈ காக்கா இல்லை.

"ஏனுங்க, உங்க கோட்டையில ஒரு ஆளக்கூடக் காணோம்?"

"கவனிக்கல" என்றார்.

இதே வேலையை நானும் செய்திருக்கிறேன், எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இவர் மனசு மஸ்கட்டுக்குப் பறந்துவிட்டது, இங்கே கோட்டை எங்கே கண்ணுக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். உள்ளே வலித்தது. அவர் திரும்பாமலேயே, "உன் கோட்டைய நான் பிடிக்கலையே. கத்திரிப்பூக் கலர்காரன்தானே பிடிச்சான். இது கணக்குல வருமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டம் இன்னும் முடியலையே" என்றார்.

"பேசினா பேசினதுதானுங்க. நான் தோத்துட்டேன். நல்லபடியா போயிட்டு வாங்க" என்றேன். ரொம்ப நியாயமாகப் பேசிவிட்டதாக அன்றைக்கு எனக்குப் பெருமை. அவர் மவுஸை விட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அந்த மாசமே அண்ணனுக்குப் போன் பண்ணிச் சரி என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தார். கறுத்து, இளைத்து, என்னைவிட நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். போனில் பேசிப் பேசியே இரண்டு பேருக்கும் கூச்சம் போயிருந்தது. வந்த மறுவாரம் ஒரு மத்தியானம், சும்மா பொழுதுபோக்க அந்த ஆட்டத்தைப் போட்டார். இந்தத் தடவை எதிரெதிராக இல்லை, ஒரே கொடி, பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி. தலைவனை வெளியே அனுப்புவதற்கு முன்னால் வில்லாளிகளைப் பிரித்துக் கோட்டை மதில்மேல் நிறுத்தினார். வாரா வாரம் மறக்காமல் நிறுத்தினார்.

"தலைவன் எங்க வேணா போகட்டும், கோட்டைய மட்டும் காலியா விடவே கூடாது" என்று எனக்குப் பாடம்வேறு சொன்னார்.

"அப்ப அன்னிக்கு ஏனுங்க விட்டீங்க?"

அவருடைய கை நின்றது. "நீ ஏன் விட்டே?"

என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவரே சொன்னார். "எனக்குப் போகவே இஷ்டமில்ல. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ ஜெயிச்சிருந்தா, பொண்டாட்டி விடமாட்டேங்கறான்னு சொல்லித் தப்பிச்சிருப்பேன்."

"பழிய எம்மேல போட்டுட்டு!"

"ஆமா" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கோபமா, துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. போட்டிருக்கட்டுமே அந்தப் பழியை. ஆயுசுக்கும் சந்தோஷமாகச் சுமந்திருப்பேன். அண்ணி கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் ஏசினாலும் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

"இப்பச் சொல்றேன். போகாதீங்க" என்றேன். கல்யாணமாகி அவரிடம் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

"அண்ணனுக்கு நெஞ்சு சரியில்ல. அவர் ஊருக்கு வந்துடறார். அவர் இடத்துல நான் நிக்கறேன்னு வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார். "அன்னிக்கே நீ இதச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

லீவு முடிந்து போனார். அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார், அண்ணி கோயிலுக்கு அவரோடு ஜோடியாக வந்தார். என் கணவர் திரும்பி வந்து இங்கேயே தங்கியபோது எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடத் தயாராக ஒரு மனுஷன் ஒரு காலத்தில் இந்த வீட்டில் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பாமல், நான் அதைச் சொல்வேனா என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.