பிள்ளைகள் போட்ட பாத்தி

நான் படித்த நாலு வகுப்பிலும் பள்ளிக்கூடத்தில் என் கைக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். நீட்டச் சொன்னால் நீட்டும்; பிரம்படி வாங்கும். அதனால் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார், பிள்ளைகள் தங்கள் கையால் செய்து, கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது, கடைசியில் நின்றிருந்த எனக்கு அது நல்ல காரியமாகவே பட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை. கூட்டத்தில் நான் எதையும் சொல்வதில்லை.

வாத்தியாருக்கு இளவயது. பயிற்சிப் பள்ளியில் புதுமுறை படித்துவிட்டு வந்தவர். பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கிடந்த தரிசைப் பங்கிட்டு, பிள்ளைக்கு ஒரு பாத்தி என்று நாலு முழ நீளத்தில் கொடுத்தார். பாத்தியை அளப்பது கணக்கு. விதையை எண்ணுவதும் கணக்கு. அன்றாடம் கண்டதை நோட்டில் எழுதுவது தமிழ். மண் சுமப்பது தேகப்பயிற்சி. பெரியவர்கள் கை மட்டும் படக் கூடாது, பிள்ளை தப்புப் பண்ணினாலும் அது பிள்ளையின் தப்பாகவே இருக்கட்டும் என்று மூன்று தடவை சொன்னார். ஊர் மூன்று தடவையும் தலையாட்டியது.

என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. அவளை நிறுத்திவிட வேண்டும் என்று என் மனைவியின் அண்ணன் மயிலாடும்பாறையிலிருந்து சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் வீட்டில் கைக்குழந்தை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காட்டு வேலைக்குப் போனால் பிள்ளை தூக்க ஆளில்லை. பாத்தி விஷயம் காதில் விழுந்ததும் நேரிலேயே வந்துவிட்டார்.

"மண்ணுல கை வைக்கிறதுதான் படிப்புன்னா, எங்க காட்டுல மண்ணுக்கு என்ன பஞ்சமா மாப்ள? அங்கன வந்து படிக்கட்டும்."

நான் பதில் சொல்லவில்லை. என் மனைவி இருவருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னாள். மகள் ஐந்தாம் வகுப்புக்குத் தேறினால் படிக்கட்டும். தேறாவிட்டால் மாமன் வீட்டுக்குப் போகட்டும். அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து பாத்தியையும் நோட்டையும் பார்த்துத்தான் மேல்வகுப்புக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. ஆக, என் மகளின் படிப்பு நாலு முழ மண்ணில் வந்து நின்றது.

வாத்தியார் ஒரே ஒரு தவறு செய்தார். பாத்திக்குப் பாத்தி பலகைத் துண்டு நட்டு, பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயரையும் எழுதி வைத்தார். எங்கள் பள்ளிக்கூடம் சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகும் வண்டிப்பாதை ஓரத்தில் இருந்தது. சனிக்கிழமை தோறும் சனீஸ்வரரைக் கும்பிடச் சுற்றுவட்டாரமே அந்த வழியாகப் போகும். அதில் பாதிப்பேர் எங்களுக்குச் சம்பந்தம் செய்த ஆட்கள், மீதிப்பேர் செய்யப்போகிற ஆட்கள். ஒருவன் வயலில் களை நிற்பதைப் பார்த்தே அவன் வீட்டில் பெண் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு கட்டுகிறவர்கள். முதல் சனிக்கிழமையே ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி, பலகையில் இருந்த பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, "இவுக வயலும் இந்த லட்சணத்துலதான் இருக்குமோ?" என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.

மறுநாள் அந்தப் பலகைக்குரிய தகப்பன் வந்தார். மகனுக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்க மட்டும். திங்கட்கிழமை நாலு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் தகப்பன்மார்கள் எல்லாரும் பாத்தியில் நிற்க, பிள்ளைகள் புங்கமர நிழலில் கோலிக்குண்டு விளையாடினார்கள். தாகம் என்று கேட்ட தகப்பனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். ஒருவர் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டார். விடிந்து பார்த்தால் வகுப்பறைக்குள்ளும் எரு. வாய்க்கால் தண்ணீர் யார் மகன் பாத்திக்கு முதலில் என்று இரண்டு பேர் மண்வெட்டியை ஓங்கவே, ஊர்க்கூட்டம் போட்டு, மூன்றாம் வகுப்புக்கு ஒரு நாழிகை, நாலாம் வகுப்புக்கு ஒரு நாழிகை என்று முறை வைத்தார்கள்.

வாத்தியார் போய்க் கெஞ்சிப் பார்த்தார். "நீங்க உள்ள போயிப் படிப்பச் சொல்லிக் குடுங்க சாமி. வெள்ளாமைய நாங்க பாத்துக்கிடுறோம்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்களிடம் கெட்ட எண்ணம் கிடையாது. வளைந்த வரப்பைக் கண்டால் நிமிர்த்தாமல் போக அவர்களால் முடியாது, அவ்வளவுதான்.

நான் போகவில்லை. கொள்கை ஒன்றும் இல்லை. இரண்டு சாயங்காலம் மண்வெட்டியோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். நான் குனிந்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள், பார்த்தால் ஏதாவது கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவே திரும்பிவிட்டேன். என் மகளும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "நீங்க அங்கன வரக் கூடாதுய்யா. வாத்தியார் சொல்லிருக்காக." வாத்தியார் பேச்சை முழுதாக நம்பியது ஊரில் அவள் ஒருத்திதான்.

அவள் பாத்தி கண்கொண்டு பார்க்கும்படி இல்லை. முதல் விதைப்பு முளைக்கவே இல்லை. இரண்டாவதைக் கோழி கிளறிவிட்டது. மூன்றாவதில் இரண்டு வெண்டைச் செடி வந்தது. அதிலும் ஒன்று சாய்ந்து நின்றது. நான் நாலு நாள் போய் நின்றிருந்தால் நேராகியிருக்கும். ஒவ்வொரு சாயங்காலமும் அதை நினைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நோட்டு எழுதும் வேலையையும் பிள்ளைகளுக்கு மிச்சம் வைக்கவில்லை. தகப்பன்மார்களில் முக்கால்வாசிப்பேருக்கு எழுதத் தெரியாது. சின்னமனூரில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் தமக்குத் தெரிந்த நடையில் எல்லா நோட்டையும் எழுதி முடித்தார்.

இன்ஸ்பெக்டர் ஒரு சனிக்கிழமை வந்தார். பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொண்டு, அப்படியே சாமியையும் பார்த்துவிடலாம் என்று அவருக்கு எண்ணம். முந்தின நாள்தான் ஒருவர் தம் தோட்டத்தில் காய்த்து நின்ற கத்தரிச் செடிகளை வேர்மண்ணோடு பெயர்த்து வண்டியில் கொண்டுவந்து நட்டிருந்தார். வேலிக்கு வெளியே ஊரே நின்றது. கோயிலுக்குப் புறப்பட்டு வந்த என் மச்சினனும் நின்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு பையனைக் கூப்பிட்டு, செடி எத்தனை நாளில் முளைத்தது என்று கேட்டார். பையன் வேலிப்பக்கம் திரும்பினான். "நாலாம் நாளே மொளச்சிருச்சுங்க சாமி" என்று வேலியிலிருந்து பதில் வந்தது. அடுத்த பையனுக்கும் வேலிதான் பதில் சொன்னது. நோட்டைப் புரட்டினார். 'கிழக்கே வாய்க்கால், மேற்கே மேற்படி வகுப்பு மாணவன் பாத்தி, இதற்குள்பட்ட நாலு முழத்தில் உள்ள வெண்டைச் செடி பதினாறும்' என்று இருந்தது. இவ்வளவு திருத்தமாகப் பட்டணத்துப் பிள்ளைகள்கூட எழுதுவதில்லை என்று மெச்சினார்.

கடைசியில் என் மகளின் பாத்திக்கு வந்தார். இரண்டு செடியையும் பார்த்தார். "இந்தப் பெண் இன்னும் ஒரு வருஷம் நாலாம் வகுப்பிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி, அப்படியே பென்சிலால் குறித்துக்கொண்டார். வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேலியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த ஊரில்தான் அவர் இன்னும் பிழைக்க வேண்டும். மச்சினன் என்னைப் பார்த்து, எல்லாம் நல்லதுக்குத்தான் என்பதுபோல் தலையசைத்தார். என் மகள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எப்போது வேலியைத் தாண்டினேன் என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"சாமி, இந்தப் பாத்தி ஒண்ணுதான் பிள்ள போட்டது" என்றேன்.

"அப்படியானால் மற்றதெல்லாம்?"

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதுவரை எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன வேலி இந்தக் கேள்விக்கு மட்டும் ஊமையாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு கத்தரிச் செடியைத் தொட்டார். வேர் பிடிக்காத செடி மண்ணாங்கட்டியோடு கையில் வந்தது. அதை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, என் மகளின் நோட்டை வாங்கினார். கோணல் எழுத்து. உரக்கவே வாசித்தார்.

"இன்று தோண்டிப் பார்த்தேன். விதைக்கு வால் வந்திருக்கிறது. மூடிவிட்டேன். இன்றும் தோண்டிப் பார்த்தேன். வால் கறுத்துவிட்டது. நான்தான் சாகடித்தேன்."

ஏன் தினமும் தோண்டினாய் என்று கேட்டார்.

"உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கச் சொன்னாக."

"பார்த்ததில் என்ன தெரிந்தது?"

"நெதம் பாத்தா மொளைக்காதுன்னு தெரிஞ்சிச்சு."

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்து, முன்னால் எழுதியதை அடித்து வேறு எழுதினார். என் மகள் தேறினாள். மற்றவர்களும் தேறினார்கள். ஊரைப் பகைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. குறிப்பேட்டில், பெற்றோர் காட்டும் அக்கறையில் இவ்வூருக்கு இணையாக வேறு ஊரைத் தாம் கண்டதில்லை என்றும் எழுதினார். அதை வாத்தியார் வாசித்துக் காட்டியபோது ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வருஷம் பாத்தியை எட்டு முழமாக்க வேண்டும் என்று அங்கேயே கோரிக்கை வைத்தார்கள். என்னோடு மட்டும் ஒரு மாதம் யாரும் பேசவில்லை. அதில் எனக்குப் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை.

நாங்கள் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போயிருந்தது. மச்சினன் கோயிலிலிருந்து அப்படியே ஊருக்குத் திரும்பிவிட்டார். மகளை அனுப்புவதற்கென்று என் மனைவி பாவாடை சட்டைகளை மூட்டையாகக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். மூட்டையை அவிழ்த்து, நல்ல பாவாடையாக ஒன்றைத் திங்கட்கிழமைக்கென்று எடுத்துக் கொடியில் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்புட்டுப் பேரு முன்னால வாயத் தொறந்தீகளாமே" என்றாள். "வீட்டுலயும் அப்பப்ப தொறந்தா என்ன?"