தாடிக்கொம்பில் தோல் இழந்த படிகம்

காலை ஏழு மணிக்குத் திருச்சியில் ஏறிய பேருந்து திண்டுக்கல் சேர்ந்தபோது பத்து மணி. நூறு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம்; வடமதுரை தாண்டி டயர் பஞ்சர். தாடிக்கொம்புக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனாலோ என்னவோ, நான் கைகாட்டிய இரண்டு பேருந்துகளும் நிற்கவேயில்லை.

நான் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். தாடிக்கொம்பை அடுத்த கிராமத்து விவசாயி சவரிமுத்து, கிணற்றை ஆழப்படுத்தியபோது கிடைத்த டூர்மலின் படிகத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். உடைந்த முனையில் உள்ளே இளம்பச்சை, வெளியே மெல்லிய கறுப்பு வளையம். கிரானைட் குழம்பு ஆறும்போது கடைசியாக மிஞ்சுகிற சாற்றில் இத்தகைய படிகங்கள் உள்ளிருந்து வெளியே வளர்கின்றன. ஒவ்வொரு வளையமும் அது உருவான நேரத்துக் குழம்பில் என்ன இருந்தது என்பதைக் காட்டும். இங்கே கறுப்பு என்றால் இரும்பு. கடைசி நேரத்தில் அத்தனை இரும்பு எங்கிருந்து வந்தது? வெகுநாளாக என்னைக் குடைகிற கேள்வி அது. பதில் இருந்தால் அந்தக் கறுப்புத் தோலில்தான் இருக்க வேண்டும்.

சவரிமுத்து வாசலிலேயே காத்து நின்றார். வெள்ளைத் துணியைப் பிரித்து நீட்டினார். கண்ணாடி போல மின்னும் பச்சைக் கல். கறுப்பைக் காணோம்.

"மேல இருந்த கறுப்பெல்லாம் எங்கண்ணே?"

"பாலிஷ் கடையில குடுத்து எடுத்துட்டேன் டீச்சர். அம்புட்டும் அழுக்கு!"

"அந்த அழுக்கைப் பாக்கத்தானே வந்தேன்!" கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

அவர் மனைவி ஆரோக்கியமேரி உள்ளேயிருந்து வந்தார். "அவரை ஏன் வையிறீங்க? நீங்கதானே போன்ல சுத்தமா வச்சிருங்கன்னு சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன். இனி யார்மேல் எரிந்து விழுவது?

"கெணத்துல அள்ளுன கல்லெல்லாம் அங்கனதான் கெடக்கு. செத்த நேரம் தேடிப் பாப்போம், வாங்க" என்றார் ஆரோக்கியமேரி.

உச்சி வெயிலில் மூவரும் கற்குவியலைக் கிளறினோம். கை கீறி, தலை சுற்றி, போதும் என்று நான் உட்கார்ந்தபிறகுதான் வெள்ளைக் கல்லில் பாதி புதைந்த, விரல் பருமன் படிகம் ஒன்று ஆரோக்கியமேரி கண்ணில் பட்டது. உள்ளே பச்சை, சுற்றிலும் கறுப்பு. சவரிமுத்து அதை வாங்கி, மண்ணைத் துடைக்க வேட்டி நுனியைத் தூக்கினார்.

"தொடாதீங்க!" என்று நானும் அவர் மனைவியும் ஒரே நேரத்தில் அலறினோம்.

மாலையில் பஸ் ஏற்றிவிடும்போது சவரிமுத்து பாலிஷ் போட்ட கல்லையும் என் பையில் போட்டார். மறுத்தால் மறுபடி முகம் சுருங்கும், வாங்கிக்கொண்டேன்.

கறுப்புத் தோலுள்ள சிறிய படிகத்திலிருந்து ஒரு சீவல் சோதனைக்குப் போயிருக்கிறது. மிச்சமும் பச்சைக் கல்லும் கல்லூரியில் என் மேசைமேல் இருக்கின்றன. வருகிறவர்கள், என்னோடு நிலவியல் நடத்துகிறவர்கள் உட்பட, பச்சையைத்தான் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார்கள். பிறகு மற்றதைக் காட்டி, "இதைக் கொஞ்சம் கழுவி வைக்கக் கூடாதா?" என்கிறார்கள்.